பாறை விழாத படம்

காலை ஒன்பதரைக்கே
தூண்பாறையை மூடிவிட்டது மஞ்சு.
டிக்கெட் கவுண்டர்க்காரர்
"பாறை தெரியாது, பரவாயில்லையா?" என்று
கேட்டுக் கேட்டு அலுத்து
ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் நான்கு பேர்.
சங்கம் கொடுத்த பச்சைக் கோட்டு,
கழுத்தில் கேமரா, இடுப்பில் பிரிண்டர்,
ஸ்டெல்லாவின் கடையில்
சோளம் சுடும் அடுப்பை வளைத்து நின்றோம்.
போணி ஆகவில்லை.

கைக்கு வேலை இல்லாதபோது
வாய் வேலை கேட்கும்.
"எடுத்ததிலயே மறக்காத படம் எது,
ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க,"
என்றாள் ஸ்டெல்லா, சோளத்தைத் திருப்பியபடி.

காஜா மைதீன் முந்திக்கொண்டார்.
பிலிம் ரோல் காலம். ஒரு ஜோடி.
பெண்ணின் கால்களில்
வேறு வேறு ஜோடிச் செருப்பு.
அவசரத்தில் கிளம்பியவர்கள்.
ஏழு மாதம் கழித்து
திண்டுக்கல் கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.
படத்தின் முதுகில்
இவர் குத்திய ரப்பர் ஸ்டாம்பு, தேதியோடு.
கடத்திப் போனான் என்று எழுதிக்கொடுத்த அதே நாளில்
அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்,
இதோ, இந்தக் கம்பியில் சாய்ந்து.
"கோணலாக் குத்தின ஸ்டாம்பு," என்றார்,
"முகூர்த்தம் மாதிரி நின்னுச்சு."

குபேந்திரனுடையது போனில் இருந்தது.
நாயுடுபுரம் பஸ் ஸ்டாப், விடிவதற்கு முன்,
நிழற்குடைக்குள் ஒரு காட்டுமாடு.
படத்தில் ஒரு கறுப்பு இழுவல்,
கீழே நான்கு வெள்ளைக் காலுறை.
"மாடு தெளிவா விழலை," என்று ஒத்துக்கொண்டான்.
"என் நடுக்கம் தெளிவா விழுந்திருக்கு, பாருங்க."

இருதயராஜ் பதில் சொல்லவில்லை.
பைக் பெட்டியைத் திறந்து
பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார்.
காசைக் கொடுத்துவிட்டு,
பிரிண்ட் வருவதற்குள் ஹார்ன் கேட்டு
ஓடிப்போனவர்களின் படங்கள்.
மேலாக இருந்ததில்
நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு வாத்தியார்.
முன்வரிசை பேனரைப் பிடித்திருக்கிறது.
பிடித்த விரல்கள் ஊர்ப் பெயரை மறைக்க
மிச்சம் தெரிவது:
'…பட்டி நடுநிலைப் பள்ளி.'
"மதுரைப் பக்கம் பட்டி இல்லாத ஊர் எது?"
என்று கேட்டார்.
நிஜமாகவே பதிலை எதிர்பார்த்து
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
ஸ்டெல்லா நான்கைந்து பட்டிகளைச் சொன்னாள்.
எழுதிப் பார்த்தாயிற்று
என்று தலையாட்டினார், ஒவ்வொன்றுக்கும்.

என் முறை.

இதே மாதிரி ஒரு மஞ்சு, போன ஆடி.
அருப்புக்கோட்டைத் தறிப் பெண்கள்
இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி வந்த வேன்.
அதில் ஒருத்தி
கம்பியைப் பிடித்து அரைமணி நின்றாள்.
விலகவில்லை. டிரைவர் கத்துகிறான்.
"பாறை எந்தப் பக்கம்?" என்றாள்.
காட்டினேன்.
சரியாக அதற்கு முதுகைக் கொடுத்து நின்று
"எடுங்க. எனக்குப் பின்னாடி இருக்குல்ல?
அது போதும்."
நூறு ரூபாய் என்றதும் குரல் ஏறிவிட்டது:
பாறை விழாத படத்துக்கு எதுக்கு முழு ரேட்டு?
ஐம்பதுக்கு முடிந்தது.

எனக்கென்று ஒன்று போட்டுவைத்தேன்,
ஏனென்று தெரியாது.
அடுப்பு வெளிச்சத்தில் அதை நீட்டினேன்.
தாள் முழுக்க வெள்ளை. நடுவில் ஊதாச் சேலை.
கட்டைவிரல் தோளுக்கு மேலாக
ஒன்றுமில்லாததைச் சுட்டுகிறது,
பக்கத்து வீட்டுக்காரியை
அறிமுகம் செய்துவைப்பதுபோல.

"எக்ஸ்போஷர் ஜாஸ்தி," என்றான் குபேந்திரன்.
காஜா மைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
"இந்தா, இங்க ஒரு கோடு தெரியுதே," என்றார்.
அது அவர் நகத்தின் நிழல்.
யாரும் சொல்லவில்லை.

வெளியே கூச்சல்.
கேரளா நம்பர் பிளேட்டில் இரண்டு வேன்.
மஞ்சு ஓரமாகக் கிழிந்து
முதல் தூணின் தோள்பட்டை மட்டும்,
ஈரமாக.
ஓடினோம்.
"சார், போட்டோ, ரெண்டே நிமிஷம் சார்,
இப்ப விட்டா திரும்ப மூடிரும்…"

நாலு டீ, ரெண்டு சோளம்,
என்று ஸ்டெல்லா பின்னாலிருந்து
கணக்கைக் கத்துவது கேட்டது.
பட்டிப் பிள்ளைகள் பெஞ்சிலேயே கிடந்தார்கள்,
தின்று போட்ட சோளக் கட்டை ஒன்று
பறக்காமல் அவர்களைப் பிடித்துக்கொண்டிருக்க.